"நன்றாகப் பேக் செய்து அனுப்புகிறேன்" என்றால் போதுமா?

நீங்கள் கேட்டது இதுதான்: ஈபே ஏலத் தளத்தில் ஒரு மேக்கின்டாஷ் எஸ்இ/30 (திரையும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் ஆப்பிளின் பழைய கம்ப்யூட்டர்) கண்ணில் பட்டிருக்கிறது. விற்பவர் ஒஹாயோவில் இருக்கிறார், நீங்கள் டெக்சாஸில். விசாரித்ததற்கு, "நன்றாகப் பேக் செய்து, ஃப்ராஜைல் ('உடையக்கூடியது') ஸ்டிக்கர் ஒட்டி, இன்சூரன்ஸும் போட்டு அனுப்புகிறேன்" என்று பதில் வந்திருக்கிறது. வாங்கலாமா, உடைந்து வந்தால் யார் பொறுப்பு என்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. பணம் திரும்பக் கிடைக்குமா என்பது ஒன்று, மெஷின் முழுசாக வந்து சேருமா என்பது இன்னொன்று. பணம் பெரும்பாலும் கிடைத்துவிடும். உங்களை உண்மையில் அரிப்பது இரண்டாவது கேள்வி என்றுதான் நினைக்கிறேன். 1989-ல் வெளிவந்த மெஷின் இது. இனி யாரும் செய்யப்போவதில்லை. ஒன்று உடைந்தால் உலகத்தில் ஒன்று குறைந்தது, அவ்வளவுதான்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. 1980-களின் கடைசியில் சென்னை ரிச்சி தெருவில் ஒரு சின்னக் கடையில் ரிப்பேர் வேலை கற்றுக்கொண்டேன். இருபது வருடத்துக்கும் மேலாக அமெரிக்காவில் இருக்கிறேன். வார இறுதிகளில் பழைய கம்ப்யூட்டர்களை வாங்குவது, சரிசெய்வது, சிலதை விற்பது என்று பொழுது போகிறது. பெட்டி பிரித்த அனுபவமும் உண்டு, பெட்டி கட்டிய அனுபவமும் உண்டு. வக்கீல் இல்லை, ஆகவே பணம், பொறுப்பு பற்றிச் சொல்வதெல்லாம் வாங்கி விற்றவன் என்ற முறையில்தான்.

முதலில் ஸ்டிக்கரை ஒதுக்கிவிடலாம். பெரிய கூரியர் கூடங்களில் பெட்டிகள் ஓடும் பட்டையில் போகின்றன, சரிவில் சறுக்கி ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. பட்டைக்கு ஸ்டிக்கர் படிக்கத் தெரியாது. 'இந்தப் பக்கம் மேலே' என்ற அம்புக்குறிக்கும் அதே கதிதான். ஒட்டுவதால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் ஸ்டிக்கரை ஒரு பாதுகாப்பாக ஒருவர் எண்ணிச் சொல்கிறார் என்றால், அவர் வேறு எதையும் யோசித்திருக்கவில்லை என்று எனக்குச் சந்தேகம் வரும். இன்சூரன்ஸ் என்று அவர் சொல்வதும் அநேகமாக இன்சூரன்ஸ் இல்லை. பெரிய தனியார் கூரியர்கள் வாங்கும் கூடுதல் கட்டணம் 'அறிவிக்கப்பட்ட மதிப்பு'க்கானது, அதாவது சாமானின் மதிப்பு இவ்வளவு என்று அனுப்புபவர் எழுதிக் கொடுக்கும் தொகைக்கானது. எதுவும் அறிவிக்காவிட்டால் அவர்களுடைய பொறுப்பு வழக்கமாக 100 டாலரோடு நின்றுவிடும். அறிவித்திருந்தாலும், 'பேக்கிங் போதாது' என்ற ஒரே வரியில் கோரிக்கையைத் தள்ளிவிட அவர்களால் முடியும். மோசமாகக் கட்டிய பெட்டிக்கு எத்தனை டாலர் மதிப்பு எழுதினாலும் அது காகிதத்தில் நிற்கிற தொகைதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். விற்பவர்களில் ஏமாற்றுக்காரர்கள் குறைவு. பெரும்பாலானவர்கள் மாமாவின் வீட்டைக் காலி செய்யும்போது அட்டாலியில் கிடைத்ததைப் படம் எடுத்துப் போட்டவர்கள். அவர்கள் செய்யும் தவறு ஒன்றே ஒன்று: மெஷினின் வெளிப்பக்கத்தைப் பார்த்துக் கட்டுகிறார்கள். கண்ணாடி டம்ளரை அனுப்புவதுபோல மேலே கீறல் விழக்கூடாது, மூலை நசுங்கக்கூடாது என்று நினைக்கிறார்கள். ஆனால் பழைய கம்ப்யூட்டர் உடைவது வெளியிலிருந்து இல்லை, உள்ளேயிருந்து. பிளாஸ்டிக் கூட்டுக்குள் கனமான சாமான்கள் சின்னச் சின்ன ஸ்க்ரூக்களில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. பெட்டி தரையில் மோதி நிற்கும்போது கூடு நின்றுவிடும், உள்ளே இருப்பது நிற்காது. பஸ்ஸில் பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர் முன்னால் போய் விழுவாரே, அதே கதை.

எஸ்இ/30-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். பத்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான எடை. அந்த எடையில் கணிசமான பங்கு முகப்புப் பக்கம், 9 அங்குலப் பிக்சர் டியூபின் தடித்த கண்ணாடியில் இருக்கிறது. அந்த டியூப் முகப்புப் பிளாஸ்டிக்கின் உள்பக்கத்தில் நாலு மூலையிலும் பிளாஸ்டிக் தூண்களில் ஸ்க்ரூ போட்டுப் பிடிக்கப்பட்டிருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் ஆன பிளாஸ்டிக். வளையும் குணம் போய் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். டியூபின் பின்பக்கம் நீண்டு மெலிந்த கண்ணாடிக் கழுத்து. அதன் நுனியில் ஒரு சின்ன போர்டு செருகியிருக்கிறது. பெட்டி முகம் கீழாகவோ முதுகு கீழாகவோ தொப்பென்று விழுந்தால் முதலில் அந்தத் தூண்கள் போகும். தூண் போனால் டியூப் ஆடும், டியூப் ஆடினால் கழுத்து எதிலாவது இடிக்கும். கழுத்து முறிந்தால் கதை முடிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கீறல்கூட இருக்காது.

எனக்கே நடந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு மேக்கின்டாஷ் கிளாசிக் வந்தது. பெட்டி புதுசு, மூலைகள் கூர்மையாக இருந்தன. உள்ளே மூன்று சுற்று பபிள் ராப், அதற்கு மேல் நசுக்கிப் போட்ட செய்தித்தாள். மெஷின் பளபளவென்று இருந்தது. விற்பவருக்கு நன்றி சொல்லிக் கடிதம்கூட எழுத ஆரம்பித்துவிட்டேன். பிளக்கைச் செருகுவதற்கு முன் ஒரு பழக்கம் உண்டு எனக்கு: மெஷினைக் கையில் எடுத்து மெதுவாக ஒரு பக்கம் சாய்த்துப் பார்ப்பேன். உள்ளே ஏதோ உருண்டது. பின்கூட்டைக் கழற்றினால் மூன்று தூண் துண்டுகள் அடியில் கிடந்தன. டியூபின் கழுத்து போர்டோடு சேர்ந்து தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கழுத்துப் பக்கத்தில் கண்ணாடியின் உள்ளே, முகம் பார்க்கும் கண்ணாடிமாதிரி வெள்ளியாக மின்னும் ஒரு பூச்சு இருக்கும், கெட்டர் என்பார்கள். மிச்சமிருக்கும் காற்றைப் பிடித்து வைப்பதற்காகப் பூசிய பேரியம் அது. உள்ளே காற்று புகுந்தால் அது வெளுத்துவிடும். அன்று அது பால் சிந்தினாற்போல் இருந்தது. கழுத்து முறிந்ததைக் கண்ணால் பார்க்க முடியாத இடத்தில்கூட இந்த வெளுப்பு காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளியாக மின்னினால் வெற்றிடம் இருக்கிறது, வெளுத்திருந்தால் டியூப் செத்தது. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

மூன்று சுற்று பபிள் ராப் ஏன் போதவில்லை? பேக்கிங்கைச் சோதிக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் புரியும். ஐஎஸ்டிஏ என்ற அமைப்பின் 1ஏ என்கிற அடிப்படைச் சோதனையில், 21 முதல் 41 பவுண்டு வரை எடையுள்ள பெட்டியை 24 அங்குல உயரத்திலிருந்து பத்து முறை போடுகிறார்கள்: ஒரு மூலை, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்புகள், ஆறு பக்கங்கள். 21 பவுண்டுக்குக் குறைந்த பெட்டியை இன்னும் உயரத்திலிருந்து, 30 அங்குலத்திலிருந்து போடுவார்கள். இலேசான பெட்டியைத்தான் மனிதர்கள் தூக்கி எறிவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும் போலிருக்கிறது. உங்கள் மேக் பேக்கிங்கோடு சேர்ந்து முதல் வகையில் வரும். 24 அங்குலம் என்பது சுமார் 60 செ.மீ. அங்கேயிருந்து விழும் சாமான் 1 செ.மீ. தூரத்துக்குள் நின்றால், தன் எடையைப் போல் சராசரியாக 60 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். 3 செ.மீ. தூரத்தில் நின்றால் 20 மடங்குதான். பேக்கிங்கின் முழு ரகசியமும் இந்த ஒரு கணக்கில் அடக்கம். அமுங்குவதற்கு இடம் வேண்டும், அமுங்கியும் தரையைத் தொடக்கூடாது. மெல்லிய பபிள் ராப் பத்து கிலோவின் கீழ் முதல் இரண்டு அடியிலேயே வெடித்துத் தட்டையாகிவிடும், மூன்றாவது அடி நேராக மெஷினுக்குத்தான். செய்தித்தாள் அதைவிட மோசம். ஒரு தடவை அமுங்கினால் அப்படியே கிடக்கும், திரும்ப எழாது. வேர்க்கடலை வடிவத்தில் வரும் ஃபோம் துண்டுகளில் கனமான சாமான் மணலில் கல் இறங்குகிற மாதிரி இறங்கி, டெக்சாஸ் வருவதற்குள் பெட்டியின் அடியைத் தொட்டிருக்கும். போதாததற்கு அந்தத் துண்டுகளும் தெர்மாகோல் பொடியும் ஃபிளாப்பி டிரைவின் வாய்க்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வேண்டியது இதுதான். மெஷினை முதலில் ஒரு பிளாஸ்டிக் பையில் போட வேண்டும்; பொடி உள்ளே போகாது, டேப் நேராகக் கூட்டில் ஒட்டாது. அதற்கு மேல் பெரிய குமிழ் உள்ள பபிள் ராப் இரண்டு சுற்று. பிறகு ஆறு பக்கமும் குறைந்தது 5 செ.மீ. தடிமனில் ஃபோம் பலகை, ஆட்டம் இல்லாமல் இறுக்கமாக. அதை ஒரு பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள் வைத்து, நடுவிலும் 5 செ.மீ. நிரப்ப வேண்டும். வெளிப்பெட்டி இரட்டைச் சுவர் அட்டையாக இருப்பது நல்லது. அமெரிக்கப் பெட்டிகளின் அடிமடிப்பில் வட்ட முத்திரை ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் 'இசிடி 32' என்றிருந்தால் 65 பவுண்டு வரை தாங்கும் ஒற்றைச் சுவர் அட்டை என்று அர்த்தம். அது புதுப் பெட்டிக்குச் சொன்னது. மூன்று முறை ஊர் சுற்றி, கராஜில் ஈரம் குடித்து, மூலை தளர்ந்த பெட்டிக்கு அந்த முத்திரை செல்லாது. கட்டி முடித்த பிறகு ஒரு சோதனை: பெட்டியைத் தூக்கி ஆட்டினால் உள்ளே எதுவும் நகர்வது கையில் தெரியக்கூடாது.

இத்தனை எளிதாக இருந்தும் ஏன் யாரும் செய்வதில்லை என்றால், காரணம் சோம்பல் மட்டும் இல்லை. கூரியர் கட்டணம். அவர்கள் தராசு காட்டும் எடைக்கு மட்டும் பணம் வாங்குவதில்லை. பெட்டியின் நீள அகல உயரத்தை அங்குலத்தில் பெருக்கி, பெரும்பாலும் 139-ஆல் வகுத்து, வருகிற எண்ணை பவுண்டாக வைத்துக்கொண்டு, இரண்டில் எது அதிகமோ அதற்கு வாங்குகிறார்கள். உங்கள் மெஷின் உயரம் 13.6, அகலம் 9.6, ஆழம் 10.9 அங்குலம். நான் சொன்ன இரட்டைப் பெட்டிக்குச் சுற்றிலும் நாலு நாலு அங்குலம் சேர்த்தால் சுமார் 22-க்கு 18-க்கு 19 வரும். பெருக்கினால் 7524, 139-ஆல் வகுத்தால் 54. அதாவது முப்பது பவுண்டைத் தாண்டாத பெட்டிக்கு 54 பவுண்டுக்கு மேல் கட்டணம். அதையே 16-க்கு 12-க்கு 12 பெட்டியில் திணித்தால் கணக்கு 17 பவுண்டுக்கும் குறைவாக வரும், உண்மையான எடைக்குக் கொடுத்தால் போதும். விற்பவர் எந்தப் பெட்டியை எடுப்பார் என்று சொல்ல வேண்டுமா?

இதிலேயே உங்களுக்கு ஒரு துப்பும் இருக்கிறது. விற்பனைப் பக்கத்தில் போட்டிருக்கும் அனுப்பும் செலவைப் பாருங்கள். ஒஹாயோவிலிருந்து டெக்சாஸுக்கு ஆச்சரியப்படும் அளவுக்கு மலிவாக இருந்தால், சின்னப் பெட்டி என்று அர்த்தம். செலவு குறைவாக இருக்கிறதே என்று மகிழாதீர்கள். இலவச டெலிவரி என்று போட்டிருந்தால் இன்னும் கவனம் தேவை. பெட்டியில் சேரும் ஒவ்வொரு அங்குலமும் அவர் பையிலிருந்து போகிறது.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் அவருக்கு எழுதுங்கள். ஏலத்தில் ஜெயித்த பிறகு இல்லை, முன்னால். என்ன அளவுப் பெட்டி, எத்தனை பெட்டி, உள்ளே என்ன வைப்பீர்கள் என்று கேளுங்கள். ஆறு பக்கமும் இரண்டு அங்குல ஃபோம், இரட்டைப் பெட்டி, அதற்கு ஆகும் கூடுதல் செலவை நான் தருகிறேன் என்று சொல்லுங்கள். மூடி டேப் ஒட்டுவதற்கு முன் இரண்டு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இந்தப் படம் கேட்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பேன். படம் எடுக்க வேண்டும் என்று தெரிந்தவர் கட்டும் விதமே வேறாக இருக்கும். இதையெல்லாம் ஈபேயின் மெசேஜ் வழியாகவே பேசுங்கள், வெளியே போனில் வேண்டாம். பிறகு தகராறு வந்தால் எழுத்தில் இருக்கும். கேட்டதற்கு அவர் முகத்தைச் சுளித்தால், "நூறு அனுப்பியிருக்கிறேன், ஒன்றும் உடைந்ததில்லை" என்றால், விட்டுவிடுங்கள். எஸ்இ/30 விலை அதிகம், ஆனால் கிடைக்காத சாமான் இல்லை. அடுத்த மாதம் இன்னொன்று வரும்.

ஒன்று மட்டும் அவரிடம் கேட்காதீர்கள்: மெஷினைத் திறக்கச் சொல்லாதீர்கள். உள்ளே போர்டில் அரை ஏஏ அளவில் 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி ஒன்று உண்டு. வெடித்து ஒழுகி போர்டையே அரித்துத் தின்னும் சனியன் அது, அனுப்புவதற்கு முன் எடுப்பது நல்லதுதான். ஆனால் அந்தக் கூட்டைத் திறக்க நட்சத்திர முனையுள்ள நீளமான டி15 ஸ்க்ரூ டிரைவர் வேண்டும், கைப்பிடிக்குள் இரண்டு ஸ்க்ரூ ஆழத்தில் ஒளிந்திருக்கிறது. முதல் முறை திறப்பவர்கள் பின்கூட்டை இழுக்கும் வேகத்தில் கழுத்தை முறித்துவிடுவது சாதாரணம். கூரியர்காரர் செய்ய வேண்டியதை விற்பவரே செய்து அனுப்புவானேன்? அவர் தாமே கெப்பாசிட்டர் மாற்றியவர், உள்ளே போய்ப் பழகியவர் என்றால் மட்டும் பேட்டரியை எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அது ஒழுகியிருக்கலாம் என்று வைத்துக்கொண்டு அதற்கேற்ற விலை பேசுங்கள்.

மற்ற மெஷின்களையும் கேட்டிருந்தீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். கமடோர் 64 (கீபோர்டுக்குள்ளேயே அடங்கிய பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்) வாங்கினால் பவர் சப்ளையைத் தனிப் பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள். எப்பாக்ஸி ஊற்றிக் கெட்டியாக்கிய செங்கல் அது, செங்கல் என்றேதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு தடவை எனக்கு அதுவும் கம்ப்யூட்டரும் ஒரே பெட்டியில், நடுவில் ஒரு துணிகூட இல்லாமல் வந்தன. ஆயிரம் மைல் தூரம் அந்தச் செங்கல் கீபோர்டின் மேல் குதித்துக்கொண்டே வந்திருக்கிறது. மூன்று கீகளின் தண்டு முறிந்து, மேல்கூட்டில் செங்கலின் மூலை அளவுக்கு ஓட்டை. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பழைய செங்கலை எப்படியும் செருகக்கூடாது. அதற்குள் மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் ரெகுலேட்டர் போனால் 5 வோல்ட் ஏறி ராம் சிப்புகளைக் கொன்றுவிடும். உதவாத சாமான் உதவுகிற சாமானை உடைத்தது. இப்போதெல்லாம் "செங்கல் வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுகிறேன்.

கமடோர் கூட வரும் 1541 ஃபிளாப்பி டிரைவுக்கும், ஐபிஎம் பிசி வகை 5.25 அங்குல டிரைவுகளுக்கும் வாயில் ஒரு அட்டை செருகி மூட வேண்டும். புதிதாக விற்றபோதே அப்படித்தான் வந்தன. அட்டை இல்லையென்றால் டிஸ்கைப் படிக்கும் ஹெட் தடதடவென்று ஆடி இடித்துக்கொள்ளும். ஐபிஎம்மின் மாடல் எம் கீபோர்டு இரும்பு மாதிரி கனமாக இருப்பதால் யாரும் கவலைப்படுவதில்லை. அதன் உள்ளே தகடுகளைப் பிடித்திருப்பது சின்னச் சின்னப் பிளாஸ்டிக் ரிவெட்டுகள். ஒரு நல்ல அடியில் பத்துப் பதினைந்து தெறித்துவிடும். தனி போர்டுகள், கார்டுகள் வாங்கினால் வெள்ளி நிற ஆன்டி ஸ்டாட்டிக் பையில் போட்ட பிறகுதான் பபிள் ராப் சுற்ற வேண்டும். சாதாரண பபிள் ராப்பும் தெர்மாகோலும் உரசினால் ஸ்டாட்டிக் மின்சாரம் கிளம்பும், சிப்புகளுக்கு அது ஆகாது.

ஐபிஎம் எக்ஸ்டி கம்ப்யூட்டர் காலத்து ஹார்டு டிஸ்க் என்றால் எனக்குப் பழைய ஞாபகம் வருகிறது. சீகேட் எஸ்டி-225, 20 எம்பி. அதற்குத் தானாக ஹெட்டை ஓரம் கட்டத் தெரியாது. வாடிக்கையாளர் ஆபீஸிலிருந்து மெஷினை எடுக்கும் முன் ஹெட்டை ஓரம் கட்டும் பார்க் கட்டளை கொடுத்து, மானிட்டரில் செய்தி வந்த பிறகுதான் ஸ்விட்சை அணைக்க வேண்டும் என்று முதலாளி தினமும் சொல்வார். பிறகு ஆட்டோவில் மானிட்டரை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு வருவோம். இன்று யோசித்தால் அதைவிட நல்ல பேக்கிங் கிடையாது. உங்கள் எஸ்இ/30-ல் இருக்கும் ஹார்டு டிஸ்க் அணைக்கும்போது தானாகவே ஓரம் கட்டிக்கொள்ளும் வகை, அந்தக் கவலை வேண்டாம்.

இதுவரை சொன்னதில் பெரும்பாலும் எனக்கு உறுதி உண்டு. அபிப்பிராயம் வேறுபடும் இடங்களும் இருக்கின்றன. டியூப் உள்ளதை முகம் கீழாக வைத்து அனுப்ப வேண்டும் என்று பல அனுபவஸ்தர்கள் சொல்வார்கள், கனமான பக்கம் அடியில் தங்கட்டும் என்று. காரணம் நியாயமானது. ஆனால் பெட்டி வழியில் எப்படி உருளும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால், நான் திசையை நம்புவதில்லை, ஆறு பக்கமும் ஒரே தடிமன் வைக்கிறேன். முகப்புப் பக்கம் மட்டும் கூட ஒரு அங்குலம். இன்னொன்று, கூரியர் கடையிலேயே கொடுத்துப் பேக் செய்யச் சொல்வது. கட்டியவரும் கொண்டுபோனவரும் ஒருவரே என்றால் பேக்கிங் போதாது என்று அவர் சொல்ல முடியாது, பணத்துக்கு நல்லது. மெஷினுக்கு நல்லதா என்பது கவுன்டரில் அன்று நிற்கும் பையனைப் பொறுத்தது. எனக்கு அருமையாகக் கட்டியும் வந்திருக்கிறது, பெரிய பெட்டியில் அநாதையாகவும் வந்திருக்கிறது.

பணம் பற்றி. ஈபேயின் பணம் திரும்பத் தரும் உத்தரவாதத்தில், வழியில் உடைந்தாலும் விற்பவர்தான் பொறுப்பு. 'திருப்பி எடுக்க மாட்டேன்' என்று அவர் போட்டிருந்தாலும் சரி. பெட்டி வந்து சேர்ந்ததிலிருந்து 30 நாளுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். பேபால் வழியாகக் கட்டினால் அங்கே 180 நாள் அவகாசம் உண்டு. கூரியரோடு சண்டை போடுவது விற்பவர் வேலை, உங்கள் வேலை இல்லை. அவர் உங்களை அங்கே தள்ளப் பார்த்தால் போகாதீர்கள். சிக்கல் வருவது 'ஓடவில்லை, உதிரிபாகத்துக்கு' என்று போட்டு விற்கும் சாமானில். உடைந்தது வழியிலா, முன்பேயா என்று நிரூபிப்பது கஷ்டம். அதனால், ஓடுகிற மெஷின் என்றால் அனுப்பும் முன் ஓடும் நிலையில் திரையோடு ஒரு படம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

எல்லாப் பழுதையும் வழியில் நடந்ததாகச் சொல்லிவிடவும் கூடாது. எஸ்இ/30 போர்டில் இருக்கும் சின்ன கெப்பாசிட்டர்கள் ஒழுகுவது பிரசித்தம். போட்டதும் திரையில் வரிக்குதிரை மாதிரி கோடுகள் வந்தால் அது அநேகமாக வயதின் கோளாறு, கூரியர்காரர் செய்ததில்லை. தூண் முறிவு, கழுத்து முறிவு, கூட்டில் விரிசல், ஸ்லாட்டிலிருந்து கழன்ற ராம், இவைதான் அடியின் அடையாளங்கள். கழன்றதைத் திரும்ப அழுத்திச் செருகினால் வேலை முடிந்தது, அதற்குப் போய்ப் புகார் கொடுக்காதீர்கள்.

பெட்டி வந்ததும் அவசரப்படாதீர்கள். பிரிக்கும் முன் ஆறு பக்கமும் படம், பிரிக்கும்போது வீடியோ. அட்டை, ஃபோம், டேப் எதையும் தூக்கிப் போடாதீர்கள். கோரிக்கை என்று வந்தால் கூரியர் ஆள் முதலில் கேட்பது அதைத்தான். குளிர்காலம் என்றால் பெட்டியை ஒரு நாள் வீட்டுக்குள் சும்மா வைத்திருங்கள், உள்ளே ஈரம் பனிக்கும். அப்புறம் மெதுவாகச் சாய்த்துக் காது கொடுத்துக் கேளுங்கள். ஏதாவது உருண்டால் பிளக்கைச் செருக வேண்டாம், அப்படியே படம் எடுத்து விற்பவருக்கு எழுதுங்கள். நீங்களாகப் பின்கூட்டைத் திறக்க நினைத்தால், பிக்சர் டியூபில் உயர் மின்னழுத்தம் தேங்கியிருக்கும் என்பதை மறக்காதீர்கள். அதை வடிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கே வருகிறேன். அவர் பேக்கிங் பற்றிய மெசேஜுக்கு ஒழுங்காகப் பதில் தந்து, செலவு கூடினாலும் செய்கிறேன் என்றால் தைரியமாக வாங்குங்கள். இல்லையென்றால் நானாக இருந்தால் வாங்க மாட்டேன். டெக்சாஸில் இருக்கிறீர்கள், டல்லாஸ் பக்கம் விண்டேஜ் கம்ப்யூட்டர் ஃபெஸ்டிவல் சவுத்வெஸ்ட் என்று ஒரு திருவிழா நடக்கிறது, பழைய மேக்குகளைக் கையில் தூக்கிப் பார்த்து, ஓடுவதைக் கண்ணால் பார்த்து வாங்கலாம். மூன்று மணி நேரம் கார் ஓட்டும் தூரத்தில் யாராவது விற்கிறார்களா என்றும் தேடிப் பாருங்கள். நான் கடைசியாக வாங்கிய எஸ்இ/30 அப்படித்தான் வந்தது, பின்சீட்டில், இரண்டு தலையணைக்கு நடுவே, சீட் பெல்ட் போட்டு. ஒஹாயோக்காரர் பதில் சொன்னால் அவர் சொல்லும் பெட்டி அளவை இங்கே போடுங்கள், 139-ஆல் வகுத்துப் பார்த்துச் சொல்கிறேன்.